வெள்ளிக்கு அங்கே ‘சொல்’னு பேரு!

“அம்மாயின்னு சொல்லு சாமி... எங்க, சொல்லு!”

போனுக்கு இந்தப் பக்கம் அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டு வாசல் திண்ணையில் அம்மா. அந்தப் பக்கம் நார்வேயில் என் அக்கா மகள். ஏழு வயசு. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “மூர்மூர்!” என்றாள்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. “என்னடா இது, பூனையாட்டம் சத்தம் போடுது?”

“அங்க பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவாங்களாம்மா” என்றேன். அக்கா சொல்லி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மாவுக்கு அது போதவில்லை. “ஊர்ல இருக்கற பாட்டிங்கள்ல நானும் ஒருத்தியா?” என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்காவும் மாமாவும் வேலைக்காக ட்ரோன்ஹெய்ம் நகரத்துக்குப் போய் நான்கு வருஷம் ஆகிறது. போகும்போது குட்டிக்கு மூன்று வயசு. மழலைத் தமிழில் பேசிக்கொண்டே இருப்பாள். இப்போது தமிழ் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் நார்வே மொழிதான். அரை மணி நேரம் ஓடிய வீடியோ கால் ஐந்து நிமிஷமாகச் சுருங்கிவிட்டது. “சாப்டியா?” “யா.” “நெய் ஊத்திச் சாப்டியா?” “நெய்!” நெய் ஊற்றித்தான் சாப்பிட்டிருக்கிறாள் என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ‘நெய்’ என்றால் அந்த மொழியில் ‘இல்லை’ என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. சரி, நடுவில் நாம் ஒரு பாலம் போடுவோம் என்று நான் ஒரு மொழி கற்கும் செயலியை இறக்கினேன். ‘பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்’ ரகத்தில் மூன்று வாரம் போனது. சென்னையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து அந்தப் பையனையும் ஆப்பிளையும் பார்த்தால் தூக்கம்தான் வந்தது. விட்டுவிட்டேன்.

என்னைத் திரும்ப இழுத்துவந்தது ஒரு துப்பாக்கிச் சத்தம்.

ஏன், தூ, த்ரே...

2025 பிப்ரவரி. அக்காவுக்கு போன் போட்டால் குட்டி பக்கத்திலேயே வரவில்லை. “டிவில போட்டி ஓடுதுடா, நகர மாட்டேங்கறா” என்று அக்கா போனை டிவி பக்கம் திருப்பினாள். சுவிட்சர்லாந்தின் லென்சர்ஹைடேயில் பயத்லான் உலக சாம்பியன்ஷிப். காலில் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் மூச்சிரைக்க ஓட வேண்டும். ஓடி வந்த வேகத்திலேயே மூச்சை அடக்கி, 50 மீட்டர் தள்ளி இருக்கும் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கின் அகலம் நாலரை சென்டிமீட்டர்தான்.

ஒவ்வொரு குண்டுக்கும் வர்ணனையாளரோடு சேர்ந்து குட்டியும் எண்ணினாள். “ஏன், தூ, த்ரே, ஃபீரெ...” ஐந்தாவது தவறியது. “பொம்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“எதுக்கு ‘ஏன் ஏன்’னு கேக்குது?” என்றார் அம்மா.

“ஏன்னா ஒண்ணும்மா.”

ஒரே ஒரு முறை கேட்டேன். ஒன்று முதல் ஐந்து வரை (கடைசி ‘ஃபெம்’), தவறினால் ‘பொம்’, அதற்குத் தண்டனையாக 150 மீட்டர் கூடுதல் சுற்று, அதன் பெயர் ‘ஸ்ட்ராஃபெரூந்தெ’. ஏழு சொல் மனசில் உட்கார்ந்துவிட்டது. மூன்று வாரம் செயலியில் படித்த ஆப்பிளுக்கு என்ன சொல் என்று இப்போது கேட்டால் தெரியாது.

காரணம் எளிமையானது. விளையாட்டு வர்ணனையில் அதே இருபது முப்பது சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். சொல் காதில் விழும் நொடியில் அதன் அர்த்தம் கண் முன்னால் நடக்கிறது. அடுத்த குண்டு படுமா படாதா என்ற பதைப்பும் இருக்கிறது. எங்கள் தெருப் பையன்களுக்கு ‘எல்பிடபிள்யூ’ என்ன என்று யார் பாடம் எடுத்தார்கள்? அதே கதைதான்.

அன்றைக்கே குட்டியோடு ஒரு ஒப்பந்தம் போட்டேன். அவள் ஒரு நார்வே சொல் சொன்னால், நான் அதற்குத் தமிழ்ச் சொல் சொல்வேன். அதை அவள் அம்மாயியிடம் ஒப்பிக்க வேண்டும்.

பிளந்த விறகு

முதல் பாடத்திலேயே எனக்கு ஒரு குட்டு. நான் ‘ஸ்கீ’ என்றேன். “நெய்! ஷீ!” என்று திருத்தினாள். எழுதுவது நாம் பார்க்கும் அதே எழுத்துகள்தான், அவர்கள் உச்சரிப்பது ‘ஷீ’. பழைய நோர்ஸ் மொழியில் இதற்குப் பிளந்த மரத்துண்டு என்று பொருள். அம்மாவிடம் சொன்னதும், “அட, வெறகு! அதைக் காலில கட்டிக்கிட்டா இந்த ஓட்டம்?” என்றார்.

உலகம் முழுக்கச் சொல்லும் ‘ஸ்லாலம்’ என்பதும் நார்வேச் சொல்தான். ‘ஸ்லா’ சரிவு, ‘லோம்’ தடம். நெடுந்தூரப் பனிச்சறுக்குக்கு ‘லாங்ரென்’, அதாவது நீள் ஓட்டம். குதிப்பதற்கு ‘ஹொப்’. பயத்லானுக்கு ‘ஷீஷூட்டிங்’, ஷீயும் சுடுவதும். இரண்டு சின்னச் சொல்லை ஒட்டி ஒரு பெரிய சொல். நம் தமிழில் இல்லாத பழக்கமா இது?

பிர்கெபெய்னர் என்று ஒரு பழைய போட்டி. ரேனா என்ற ஊரிலிருந்து லில்லெஹாம்மர் வரை 54 கிலோமீட்டர். ஓடுகிறவர்கள் முதுகில் குறைந்தது மூன்றரை கிலோ எடையுள்ள பையைச் சுமக்க வேண்டும். 1206-ல் உள்நாட்டுப் போரின்போது ஹோக்கோன் என்ற குழந்தை இளவரசனை வீரர்கள் பனிமலை தாண்டித் தூக்கிச் சென்று காப்பாற்றியதன் நினைவாக அந்த எடை. காலில் பூர்ச்ச மரப்பட்டையைச் சுற்றியிருந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு ‘பூர்ச்சக் கால்காரர்கள்’ என்ற பெயர். குட்டி பள்ளியில் கேட்ட கதை இது. அக்கா மொழிபெயர்க்க, அம்மா ஒரு வாரம் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா கண்டுபிடித்த சொல்

அடுத்து வந்த சொல்லில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. ‘ஃபோரெ’. பனி விழுந்திருக்கிறதா என்பதல்ல விஷயம். விழுந்த பனி சறுக்குவதற்கு எப்படி இருக்கிறது, இறுகியா, ஈரமாகவா, மாவு போலவா? அந்த நிலைக்குத்தான் ‘ஃபோரெ’. வீரர்கள் பேட்டியில் வாயைத் திறந்தாலே இது வருகிறது. ஃபோரெவைப் பார்த்துத்தான் பலகைக்கு அடியில் எந்த மெழுகைத் தேய்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். அந்த மெழுகு ‘ஸ்மோரிங்’. ரொட்டியில் தடவும் வெண்ணெய் ‘ஸ்மோர்’. மெழுகு தவறினால் உலக சாம்பியனும் பின்னால்தான் வருவார்.

தமிழில் ஃபோரெவுக்கு என்ன சொல்வது? ‘பனியின் தன்மை’, ‘பனிச்சூழல்’ என்று நான் செய்தி எழுதுகிறவன் மூளையோடு தடுமாறிக்கொண்டிருந்தேன். ஜவ்வரிசி வத்தலைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னார். “பதம்னு சொல்லேன்டா.”

எங்கள் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் நிறைய. வெயில் காலத்தில் களம் முழுக்க வெள்ளையாகக் காயப்போட்டிருப்பார்கள். ட்ரோன்ஹெய்ம் பனியை முதல் முறை வீடியோவில் பார்த்தபோதே அம்மா, “ஜவ்வரிசிக் களமாட்டம் இருக்குது” என்றுதான் சொன்னார். களத்தில் காயும் மாவுக்குப் பதம் உண்டு, பாகுக்குப் பதம் உண்டு. பனிக்கு மட்டும் இருக்கக் கூடாதா? குட்டி அதை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “பதம். பதம்.”

ஒரே நாளில் தங்கமும் போங்காட்டமும்

2025 பிப்ரவரி 26 முதல் மார்ச் 9 வரை நோர்டிக் பனிச்சறுக்கு உலக சாம்பியன்ஷிப் நடந்ததே ட்ரோன்ஹெய்மில்தான். குட்டியின் ஊரிலேயே! மார்ச் 8 சனிக்கிழமை. நான் ஊருக்கு வந்திருந்தேன். இங்கே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அங்கே குளிர் குறைந்து பனி ஈரமாகிக் கிடந்தது. “பதம் சரியில்லை” என்றாள் குட்டி, முகத்தைப் பெரிய மனுஷி மாதிரி வைத்துக்கொண்டு.

அன்றைக்கு ஆண்கள் 50 கிலோமீட்டர். எல்லார் கண்ணும் யோஹான்னஸ் கிளேபோ மீது. ட்ரோன்ஹெய்மிலேயே வளர்ந்தவர். அந்தச் சாம்பியன்ஷிப்பில் அதுவரை ஓடிய ஐந்து பந்தயத்திலும் தங்கம். போன் திரையில் ஒரே “ஹெய்யா! ஹெய்யா!” சத்தம். உற்சாகப்படுத்துவதற்கு அவர்கள் போடும் கூச்சல் அது. நம் பிள்ளைகள் ‘ஹையா’ என்று குதிப்பதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கிளேபோ ஆறாவது தங்கத்தையும் எடுத்தார். தங்கம் ‘குல்’. வெண்கலம் ‘பிரோன்செ’. வெள்ளி?

“சொல்” என்றாள் குட்டி.

“என்னத்தடி சொல்ல?” என்றார் அம்மா.

“சொல்!”

எழுத்தில் கடைசியில் ஒரு ‘வ்’ இருக்கிறது, அதை உச்சரிப்பதில்லை. ‘ஏ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை ‘ஓ’வுக்குக் குவித்தால் வரும் ஓர் ஒலி அவர்களிடம் உண்டு. அந்த ஒலியோடு ‘சொல்’ என்றால் வெள்ளி. அப்போதுதான் குட்டி அக்காவிடம் நார்வே மொழியில் ஏதோ கேட்டாள். அக்கா சிரித்து முடிக்கவே ஒரு நிமிஷம் ஆனது. “ஏன் மூர்மூர் எப்பப் பார்த்தாலும் என்கிட்ட வெள்ளி வெள்ளின்னே பேசுறாங்கன்னு கேக்கறாடா!”

சொல்லு சாமி, சொல்லு. இத்தனை மாசமாக இவள் விழுந்து விழுந்து சிரித்ததற்குக் காரணம் அதுதான்.

கிளேபோவுக்குச் சின்ன வயதிலிருந்து பயிற்சி கொடுத்தவர் அவருடைய தாத்தா, கோரெ ஹோஸ்ஃப்லோட். குட்டி அதைச் சொல்லும்போது ‘மூர்ஃபார்’ என்றாள். “மூர்னா அம்மா, ஃபார்னா அப்பா” என்று அக்கா விளக்கினாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். “அப்ப அது அம்மாவோட அப்பா. அப்புச்சி. அப்படின்னா மூர்மூர்னா...”

அம்மாவின் அம்மா. அச்சு அசலாக ‘அம்மாயி’தான். அப்பாவின் அம்மாவுக்கு அவர்கள் ‘ஃபார்மூர்’ என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே ‘கிராண்ட்மா’. நம்மைப் போலவே தாய்வழி, தந்தைவழி பிரித்துக் கூப்பிடுகிறார்கள் இந்தப் பனிநாட்டுக்காரர்கள். தாய்மாமனான எனக்கும் ‘மூர்ப்ரூர்’ என்று ஒரு பட்டம் கிடைத்தது.

அன்றைக்கே இன்னொரு சொல்லும் வந்தது. ஆண்கள் பெரிய மேட்டுக் குதிப்புப் போட்டியில், இரண்டாம் இடம் வந்தவர் உட்பட இரண்டு நார்வே வீரர்கள் உடைச் சோதனையில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். குதிக்கும் உடையில் காற்று நன்றாகப் பிடித்தால் கூடுதல் தூரம் பறக்கலாம். விதியை மீறி உடையில் விறைப்பான நூல் சேர்த்துத் தைத்ததை அணித் தரப்பே மறுநாள் ஒப்புக்கொண்டது. தங்களுக்கு அது தெரியாது என்றார்கள் வீரர்கள். சொந்த ஊரில், சொந்த அணி. குட்டிக்கு அழுகை. “யுக்ஸ்” என்றாள். ஏமாற்று வேலை.

“போங்காட்டம்னு சொல்லு” என்றேன். சிரிப்பே வராத குரலில் சொன்னாள், “போங்காட்டம்.” 55 லட்சம் பேர் கொண்ட நாடு அது. நம் சேலம் மாவட்டத்திலேயே 2011 கணக்குப்படி ஏறக்குறைய 35 லட்சம் பேர் இருக்கிறோம். அந்த நாடு 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் உட்பட 37 பதக்கம் அள்ளியது. இந்த விளையாட்டு அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குப் பதக்கக் கணக்கில் புரியவில்லை. ‘யுக்ஸ்’ என்று சொன்ன அந்தக் குரலில் புரிந்தது.

அவங்க ஊர்லயும் ‘ங்க’ இருக்கு

செயலி எனக்கு ‘நான்’ என்பதற்கு ‘யெய்’ என்று சொல்லிக்கொடுத்திருந்தது. கிளேபோ பேட்டியில் அந்தச் சொல்லே காணோம். ‘ஏ’ மாதிரி ஒரே ஓர் ஒலி, அதுதான் ட்ரோன்ஹெய்ம் பக்கத்து ‘நான்’. புத்தகத்தில் ‘இக்கெ’ என்றிருக்கும் மறுப்புச் சொல் அங்கே ‘இச்’ ஆகிவிடுகிறது. டிவியில் பேசுகிறோமே என்று யாரும் வட்டார வழக்கை மாற்றிக்கொள்வதில்லை. சென்னைக்கு வந்த புதிதில் ‘ங்க’வை விழுங்கிப் பேசப் பழகிய எனக்கு இதைக் கேட்கக் கொஞ்சம் உறுத்தலாகவே இருந்தது.

தமிழர்களுக்கு நார்வே புதிதில்லை. யாழ்ப்பாணத்து அந்தோனி ராஜேந்திரம் 1956-லேயே அங்கே போய்ச் சேர்ந்தார். 80-களில் போர் துரத்த, ஈழத்தமிழர்கள் வட துருவத்தை ஒட்டிய ஃபின்மார்க் வரை போய் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் நார்வே போய், வடகோடி ஹாம்மர்ஃபெஸ்டில் குழந்தைப் பருவத்தைக் கழித்த கம்சாயினி குணரத்னம் 2015-ல் ஆஸ்லோவின் துணை மேயர் ஆனார். 2021-ல் நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். வெயிலில் பிறந்தவர்கள் பனியின் மொழியைக் கற்றுக்கொண்டார்கள். இப்போது எங்கள் வீட்டில் பிரச்னை தலைகீழ். பனியில் வளர்கிறவளுக்கு வெயிலின் மொழி வேண்டும்.

ஒரு போட்டி, பத்துச் சொல்

நார்வேதான் என்றில்லை. எந்த மொழியாக இருந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் உயிரை விடும் விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மொழி வர்ணனையோடு பாருங்கள். காதில் விழுவதைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வையுங்கள். மறுநாள் யாரிடமாவது ஒரு முறை சொல்லுங்கள். என் நோட்டிலிருந்து பத்து:

- லொய்பெ – தடம்
- ஸ்தாவ் – கைக்கோல்
- பாக்கெ – மேடு, சரிவு
- ரூந்தெ – சுற்று
- ஸ்டாஃபெட் – தொடர் ஓட்டம்
- லாக் – அணி
- வின் – காற்று
- வின்னெர் – வென்றவர்
- பிரேமியெ – பரிசு
- தக் – நன்றி

கடைசிக்கு முந்தைய சொல்லுக்கு ஒரு கதை இருக்கிறது. மார்ச் கடைசியில் குட்டி ஒரு சிறுவர் பனிச்சறுக்கில் ஓடினாள். “யாரு பர்ஸ்ட்டு?” என்றார் அம்மா. குட்டிக்குக் கேள்வியே புரியவில்லை. அங்கே சின்னப் பிள்ளைகள் போட்டியில் முதலிடம், கடைசியிடம் என்று பட்டியல் போடுவதில்லை. 11 வயசுக்குப் பிறகுதான் அதெல்லாம். விளையாட்டுக் கூட்டமைப்பின் விதியே அப்படி. ஓடிய எல்லாருக்கும் ஒரே மாதிரி பரிசு. “அப்புறம் எப்படி இவங்க இத்தனை தங்கம் வாங்கறாங்க?” என்று அம்மா என்னைக் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நான் ரிவிஷன் டெஸ்ட் ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்கிய காலத்தை நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பந்தய வீடியோவில் முடிவுக்கோட்டுக்கு மேலே ஒரு பதாகை. அதில் மூன்றே எழுத்தில் ‘மோல்’ என்று எழுதியிருந்தது. முடிவுக்கோடு, இலக்கு என்று அர்த்தம். எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. செயலியின் முதல் பக்கத்தில்தான். நார்வே மொழிக்கு இரண்டு எழுத்து வடிவங்கள் உண்டு, அதில் பரவலானதன் பெயர் ‘பூக்மோல்’, புத்தக மொழி. ஆக, ‘மோல்’ என்றால் மொழி என்றும் ஓர் அர்த்தம். அக்காவிடம் கேட்டேன். “ஆமாடா, ஸ்கூல் ஃபார்ம்ல கூட எழுதிக் கொடுத்தேனே. ‘மூர்ஸ்மோல்’, தாய்மொழி. அந்தக் கட்டத்தில தமிழ்னுதான் எழுதினேன்” என்றாள். எழுதிக் கொடுத்ததோடு சரி, வீட்டில் பேச நேரமில்லை என்பதை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாசம் தெரிந்தவர் ஒருவர் அந்தப் பக்கம் போனார். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய ஒரு ஜோடிக் கொலுசை அம்மா கொடுத்தனுப்பினார். “சொல்! சொல்!” என்று காலை ஆட்டி ஆட்டிக் காட்டினாள் குட்டி. பனிக்காலத்தில் தடித்த காலுறைக்கு மேல் கொலுசு போட்ட ஒரே ஆள் அந்தத் தெருவில் அவளாகத்தான் இருப்பாள்.

இப்போதும் பாதி நாள் ‘மூர்மூர்’தான். அம்மா கோபித்துக்கொள்வதில்லை. “என்னங்க சாமி” என்று திரும்புகிறார். கால் பழையபடி அரை மணி நேரம் போகிறது.

இந்த சீசனின் முதல் பனி விழுந்த அன்று, நாங்கள் போன் செய்வதற்கு முன்னால் அவளே செய்தாள். ஜன்னலுக்கு வெளியே போனைத் திருப்பிக் காட்டினாள். களம் முழுக்க வெள்ளை. யாரும் கேட்காமலே சொன்னாள்.

“அம்மாயி, இன்னிக்குப் பதம் நல்லா இருக்கு.”